தொட்டுக் கொடுக்க வேண்டிய பூ

பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த முதல் நாளே அந்த மனிதர் என்னிடம் கேட்ட கேள்வி, "இலங்கையில் எந்த ஊர்?" என்பதுதான். கையில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, வேலிக்கு மேலால் ஆங்கிலத்தில் கேட்டார். எழுபது வயதுக்காரர் ஒருவர் வீடு மாறுகிற நாளில் கேட்பதற்கு எத்தனையோ இருக்கிறது. குப்பைத்தொட்டியை எந்தக் கிழமை வெளியில் வைப்பது என்று கேட்கலாம். பக்கத்து டெய்ரிக் கடையில் பால் நல்லதா என்று கேட்கலாம். இவருக்கு என் ஊர் வேண்டியிருந்தது.

"யாழ்ப்பாணம்" என்றேன்.

பொய். நான் யாழ்ப்பாணத்தைப் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான், அதுவும் பத்து நாள். பிறந்ததும் ஒன்பது வயது வரை வளர்ந்ததும் கண்டியில். ஆனால் அவர் சிங்களவர் என்பது ஹலோ சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது. அடுத்த மூச்சில், "நாங்கள் கண்டி" என்று அவரே சொன்னபோது, நல்ல வேளை முந்திக்கொண்டோம் என்று நினைத்தேன். அவர் "ஆ, யாழ்ப்பாணம்" என்று தலையை ஆட்டிவிட்டு ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். நான் சம்பளம் வாங்குவதே அப்படிப் பார்ப்பதற்குத்தான்.

ஆக்லாந்தின் மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கொட்டகையில் எனக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று தாளில் எழுதியிருப்பதையும், திறந்தால் உள்ளே இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புத்தகம் என்று எழுதியிருக்கும், உள்ளே கருவாடு இருக்கும். உடுப்பு என்று எழுதியிருக்கும், சேலை மடிப்புக்குள் கறிவேப்பிலைக் கன்று இருக்கும். இருபது வருடமாக இதைச் செய்கிறவளுக்கு, மனிதர்களும் தாள் ஒட்டிய பெட்டிகளாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. என் கணவர் யாழ்ப்பாணத்தார். "உமக்கு வேலைக்கு வைச்ச சந்தேகத்தை வீட்டுக்கும் கொண்டு வாறீரப்பா" என்று சிரிப்பார். அவருக்குத் தெரியாது. வீட்டிலிருந்து வேலைக்குக் கொண்டுபோனதுதான் அது.

எங்கிருந்து வந்ததென்று சொல்ல வேண்டுமானால் கண்டியைச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்குக் கண்டியில் துணிக்கடை இருந்தது. அதிகம் விற்றது வெள்ளைத் துணி. போயா எனும் பௌர்ணமி நாட்களில் தலதா மாளிகைக்கு வருகிறவர்கள் வெள்ளை உடுத்து வரவேண்டும். மலையடிவாரக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, எங்கள் கடையில் துணி வாங்கிக்கொண்டு போவார்கள். புத்தரின் பல்லைக் கும்பிடப் போகிறவர்களுக்கு உடுப்பு கொடுத்தது ஒரு தமிழனின் கடை. கடைப் பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் இருந்தன. தமிழ் இல்லை. அப்பா கணக்காகத்தான் விட்டிருந்தார்.

அவருக்கு ஊரின் பழங்கதை எல்லாம் அத்துப்படி. கண்டியின் கடைசி அரசன் மதுரைப் பக்கத்து வம்சம், அவன் பேச்சு தமிழ், வாவியை வெட்டுவித்ததும் அவன்தான் என்று தொடங்குவார். அவனை வெள்ளைக்காரனிடம் காட்டிக்கொடுத்து ஒப்பந்தம் போட்ட பிரதானிகளிலேயே சிலர் தமிழ் எழுத்தில்தான் கையெழுத்து வைத்தார்கள் என்று முடிப்பார். அப்பா சொன்ன எல்லாவற்றையும் போல இதையும் பிற்பாடு நான் தேடிப் பார்த்தேன். படித்தவர்கள் இன்னும் அந்தக் கையெழுத்துகளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெரஹராத் திருவிழாவில் மாளிகை யானைக்குப் பின்னால் நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் வரும். மூன்றாவது கதிர்காமத்தான், நம் முருகன், காவடியோடு. நான்காவது பத்தினி தெய்வம், எங்கள் கண்ணகியேதான். "பார், நம்ம ஆளுங்க ரெண்டு பேரு போறாங்க" என்று அப்பா என் காதோடு சொல்வார். காதோடுதான். தெருவில் சத்தமாகத் தமிழ் பேசுவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வெளியில் போகும்போது அம்மா பொட்டைத் துடைத்துவிடுவார். தெருவில் நான் அப்பாவை சிங்களப் பிள்ளைகளைப் போல 'தாத்தா' என்று கூப்பிட வேண்டும், வாசற்படி தாண்டினால் அப்பா. என் சிங்களத்தில் ஒரு பிசிறு கிடையாது. நாங்கள் யாரென்று கடைப் பையன்களையும் பக்கத்து வீட்டுப் பெண்மணியையும் தவிர வீதியில் யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்மணி சிங்களவர். பிள்ளையில்லாதவர், என்மேல் உயிர். ஒரு போயா மாலை என்னைத் தன்னோடு மாளிகைக்குக் கூட்டிப்போனார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நானும் போனேன். மேளச் சத்தம் நெஞ்சுக்குள் அடித்தது. வரிசையில் நிற்கும்போது அவர் தாமரை இதழ்களை ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் மடித்து, தண்ணீர் தெளித்து, அரலிப் பூக்களோடு தட்டில் அடுக்கினார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பூவைப் படைப்பதற்கு முன் தட்டைக் கூட வந்த எல்லாரிடமும் நீட்டுவார்கள். ஒவ்வொருவரும் அதைத் தொட்டுக் கொடுக்க வேண்டும். தொட்டவர்களுக்கெல்லாம் அந்தப் புண்ணியத்தில் பங்கு. தட்டு கைமாறிக் கைமாறிக் கடைசியில் என்னிடம் வந்தது.

பிள்ளையார் கோவிலில் ஐயர் தட்டை நீட்டினால் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். ஒரு பூவை எடுத்தேன். கண்ணில் ஒற்றினேன். தலையில் வைத்துக்கொண்டேன்.

புத்தருக்குப் படைக்க வைத்த பூவை, படைக்கும் முன்னேயே எடுத்துச் சூடிக்கொண்டேன். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யாத பிழை. பக்கத்து வீட்டுப் பெண்மணி சிரித்துவிட்டார். ஆனால் பின்னால் நின்ற ஒரு மனிதர், "தெமள லமயெக்" என்றார். தமிழ்ப் பிள்ளை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே இருப்பதைச் சொல்வது போலச் சொன்னார். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் எங்கள் வீதிக்காரர் இரண்டு பேர் இருந்தார்கள்.

வீட்டில் நான் சொல்லவில்லை. சில வாரங்களில் எண்பத்து மூன்றின் ஆடி வந்தது. தமிழர் வீடுகளை எரிக்கிறவர்கள் பட்டப்பகலில் வந்தார்கள். எங்கள் வீதியில் அத்தனை வீடுகளைத் தாண்டி, நேரே எங்கள் வாசலுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்மணிதான் பின்மதிலால் எங்களை இறக்கி, மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து பார்த்தபோது முதலில் கடை இருந்த திசையில் புகை, அப்புறம் வீடு இருந்த திசையில்.

"யாரு காட்டிக் குடுத்தது?" அப்பா மீதி வாழ்நாள் முழுவதும் கேட்ட கேள்வி இது ஒன்றுதான். அகதியாகச் சென்னையில் இருந்தபோதும் கேட்டார். கடைசிக் காலத்தில் என்னோடு ஆக்லாந்துக்கு வந்து, இதே வீட்டின் முன்னறையில் படுத்துக்கொண்டும் கேட்டார். அவரிடம் ஒரு பட்டியல் இருந்தது. மருந்துக்கடைக்காரன், பால்காரன், வேலையை விட்டு நின்ற கடைப் பையன். எல்லாருக்கும் மேலே பக்கத்து வீட்டுப் பெண்மணி. "அவளுக்கு எப்படி முன்கூட்டியே தெரிஞ்சிச்சு? பின்மதிலுகிட்ட ரெடியா நின்னாளே!" என்பார். அந்தப் பெண்மணி சென்னை முகவரிக்கு இரண்டு கடிதம் போட்டார். அப்பா உடைக்காமலே திருப்பி அனுப்பினார். எங்கள் உயிரைக் காப்பாற்றியதே அவர்மேல் குற்றமாகிவிட்டது.

நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு பூவால் வீட்டைக் காட்டிக்கொடுத்தவள் நான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு நாற்பது வருடம் தாண்டியும் குறுகுறுத்துக்கொண்டுதான் இருந்தது. அப்பா அந்தப் பெண்மணியைத் திட்டிக்கொண்டே செத்துப்போனார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை நினைத்தால் எனக்கே வெறுப்பாக இருக்கும்.

இப்படிப்பட்டவளிடம்தான் ஒரு கண்டிக்காரர் வந்து ஊர் கேட்டார்.

அவர் அதோடு விடவில்லை. மாதம் முதலாந் தேதி பாற்சோறு கொண்டுவந்தார், வாழையிலைக்குப் பதில் அலுமினியத் தாளில் சுற்றி. வாசலில் நின்றுகொண்டு, "யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம்?" என்றார். கணவரின் ஊரைச் சொன்னேன். "கண்டிக்கு வந்ததுண்டா?" என்றார். "ஒருமுறை, சுற்றுலா" என்றேன். பாற்சோறு குப்பைக்குப் போனது. அடுத்த மாதமும் வந்தது. "சிங்களம் கொஞ்சம் தெரியுமா?" என்று அந்த முறை கேட்டார். ஒரு சொல்லும் தெரியாது என்றேன். அந்தப் பாற்சோறும் குப்பைக்குப் போனது. நான் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவர் வீட்டு ஜன்னல் திரை லேசாக அசையும். ஒரு நாள் நான் துணி காயப்போடும்போது வேலிக்கு அந்தப் பக்கம் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். சும்மா நின்றேன் என்றார்.

"வயசான மனிசன், கதைக்க ஆள் இல்லாமல் கதை கேக்குது. இதுக்கேன் இவ்வளவு யோசினை?" என்றார் கணவர்.

"கதை கேக்கலைங்க. விவரம் கேக்குறாரு" என்றேன்.

"என்னட்டையும்தான் ஒவ்வொரு யாழ்ப்பாணத்தானும் 'நீங்கள் எவடம்' எண்டு கேக்கிறான். நான் என்ன, குப்பைக்கையோ கொட்டிறன்?"

அவருடைய ஆட்கள் என்னிடமும் எவடம் என்று கேட்டிருக்கிறார்கள். கண்டி என்றால், "ஓ, தோட்டமோ?" என்று, தேயிலைத் தோட்டத்துக் கூலிக் குடும்பமோ என்கிற அர்த்தத்தில் ஒரு இழுவை இழுப்பார்கள். ஆக எந்தப் பக்கம் போனாலும் எனக்குச் சோதனைச் சாவடிதான்.

இதற்கு நடுவில் ரோசாப் பூக்கள் காணாமல்போகத் தொடங்கின. முன்வேலி ஓரமாக எனக்கு ஆறு வெள்ளை ரோசாச் செடிகள். இங்கே கோடையான டிசம்பரில் பூத்துக் குலுங்கும். வேலை முடிந்து வந்து பார்த்தால் பத்துப் பதினைந்து பூ இருக்காது. காம்பு அப்படியே நிற்கும், தலை மட்டும் போயிருக்கும். சிவப்பு ரோசா பக்கத்திலேயே இருந்தது, அதை யாரும் தொடவில்லை. வெள்ளைக்காரர்கள் பூ திருடினால் காம்போடு வெட்டுவார்கள், ஜாடியில் வைக்க வேண்டுமே. காம்பில்லாமல் பறிக்கிறவன் சாமிக்குப் பறிக்கிறவன். எதிர்வீட்டில் தமிழ்நாட்டுப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து ரென்டுக்கு இருந்தார்கள், ஐடி படிப்பு. ஒருவன் நெற்றியில் எப்போதும் விபூதி இருக்கும். அவனைப் பிடித்தேன்.

"தம்பி, பூஜைக்குப் பூ எங்க வாங்குறீங்க?"

"பூவா? செல்போன்ல சாமி படம் இருக்கு ஆண்ட்டி. அதுலயே பூ போடுற ஆப்பும் இருக்கு" என்றான்.

நம்பவில்லை. செடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கேமராவைக் கட்டிவைத்தேன். மகள் தலையில் அடித்துக்கொண்டு, "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் ஃப்ளவர்ஸ்" என்றாள். அவளுக்கு அது வெறும் பூ.

ஒரு சனிக்கிழமை, மாலை ஆறு மணி. வெயில் இன்னும் சாயவில்லை. கணவர் கடைக்குப் போயிருந்தார். செல்போன் கிணுங்கியது. கேமராவில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கை தெரிந்தது. சுருக்கம் விழுந்த கை. அவசரமே இல்லாமல் ஒவ்வொரு பூவாகத் திருகி எடுத்து, ஒரு தட்டில் வைத்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் அந்த உருவம் தெருமுனை திரும்பிவிட்டது. வெள்ளைச் சேலை, வெள்ளைச் சட்டை. பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி. குடிவந்த நாளிலிருந்து இரண்டு தடவைதான் கண்ணில் பட்டவர். உடம்பு சரியில்லை என்று அவர் சொல்லியிருந்தார்; அதையும் நான் நம்பியிருக்கவில்லை.

சரி, புருஷன் விவரம் எடுக்கிறான், பெண்சாதி பூ எடுக்கிறாள், கையும் களவுமாகப் பிடிப்போம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். எங்கே கொண்டுபோகிறார் என்று பார்க்க வேண்டும்போல இருந்தது.

அவர் நிற்காமல் நடந்தார். பெரிய சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்கவே இல்லை. ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது. அவர் தட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்ததோடு சரி. கால்மணி நேரத்தில் பன்மூர் பேசினுக்கு வந்துவிட்டார். பழைய எரிமலை வாய்க்குள் கடல்தண்ணீர் புகுந்து குளம்போல நிற்கும் இடம் அது. சுற்றிவர நடைபாதை, அப்பால் மவுண்ட் வெல்லிங்டன் மலை. இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு அது புனித மலை. சரிவில் அவர்கள் வெட்டிய பழைய படித்தட்டுகள் வெயிலில் தெரிந்தன. எத்தனையோ வருடமாக அந்தப் பாதையில் நடந்திருக்கிறேன். தண்ணீரும், சுற்றிவரப் பாதையும், மேலே மலையும் எதைப் போலிருக்கின்றன என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன் போலும்.

அந்த அம்மா மரவேலியைக் கையால் தடவிக்கொண்டே போனார். எதையோ தேடுகிற கை. கண்டி வாவிக்கரை மதிலில் விளக்கு வைக்க வரிசையாக முக்கோண மாடங்கள் இருக்கும். சின்ன வயதில் நானும் அப்படித்தான் ஒவ்வொரு மாடமாகத் தடவிக்கொண்டு நடப்பேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர் ஆக்லாந்தில் இல்லை. மணி ஆறரை ஆகப்போகிறது. மாளிகையில் மாலைப் பூஜை.

அவர் நின்று, இடுப்பில் செருகியிருந்த சின்னப் போத்தலிலிருந்து பூவுக்குத் தண்ணீர் தெளித்தார். ரோசா இதழ்களைத் தாமரையைப் போல வெளிப்பக்கம் மடித்துவிட்டார். பிறகு, வந்தவர் போனவரிடமெல்லாம் தட்டை நீட்டத் தொடங்கினார். ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண், விற்கிறார் என்று நினைத்து, வேண்டாம் என்று கையசைத்துவிட்டு ஓடினாள். நாயோடு வந்தவர் சிரித்துவிட்டு விலகினார். பிறகு பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பசிபிக் தீவுக்காரர் வந்தார், ஆள் கதவு உயரம். தட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், "தாங்க்யூ மம்மா" என்று ஒரு ரோசாவை எடுத்து, காதுக்கு மேல் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அதே பிழை. பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்க. அந்த அம்மா ஒரு கணம் திகைத்தார், பிறகு கன்னம் குழிய ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. வாத்துகள்கூட அசையவில்லை.

பிறகு அவர் பாதையை விட்டு விலகி, பாறைகள்மேல் தண்ணீர்ப் பக்கமாக இறங்கத் தொடங்கினார். கடல் வற்றியிருந்த நேரம். பாறையெல்லாம் பச்சைப் பாசி. கால் சறுக்கியது.

"அம்மே, எப்பா! பஹின்ன எப்பா!" என்று கத்தினேன். வேண்டாம், இறங்காதீங்க என்று. சிங்களம் என் வாயிலிருந்து அத்தனை சத்தமாக வந்து நாற்பது வருடத்துக்கு மேல் இருக்கும். ஓடிப்போய் முழங்கையைப் பிடித்து மேலே இழுத்தேன். தட்டு கொட்டாமல் பார்த்துக்கொண்டார், கெட்டிக்காரி.

"வந்துவிட்டாயா மகளே" என்றார், சிங்களத்தில். யாரென்று நினைத்தாரோ. தட்டை என்னிடம் நீட்டினார்.

நான் பிழை செய்யவில்லை. விரல் நுனிகளால் தட்டின் விளிம்பைத் தொட்டு, தலை குனிந்து, திருப்பி நீட்டினேன். கண்டியில் பிறந்த எந்தச் சிங்களப் பெண்ணும் அதைவிடச் சரியாகச் செய்திருக்க முடியாது. அவர் தட்டை வாங்கவில்லை.

"நீ எடுத்து வைத்துக்கொள். உங்கள் ஆட்கள் தலையில் வைப்பீர்கள்தானே."

"எங்கள் ஆட்கள் என்று யார் சொன்னது?" என்றேன்.

"இதை ஒருவர் சொல்ல வேண்டுமா?" சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல் பேசினார். "எங்கள் வீதியிலும் ஒரு வீடு இருந்தது. அந்தப் பிள்ளைகள் வெளியில் வந்தால் சிங்களம்தான். பாவம், ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் தெரியாததுபோல இருந்தோம்."

கேட்கக்கூடாது என்று நினைத்தேன். கேட்டுவிட்டேன். "அந்த வீட்டை யார் காட்டிக் கொடுத்தது, அம்மே?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "காட்டவா? எதற்குக் காட்ட வேண்டும்? எல்லாருக்கும் தெரியுமே" என்றார்.

அந்தப் பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, விட்டு அழுதேன். என் பூ இல்லை. நான் சூடிக்கொண்ட பூ ஒருவருக்கும் ஒரு புதிய செய்தியையும் சொல்லவில்லை. பொட்டைத் துடைத்த அம்மாவும், காதோடு பேசிய அப்பாவும், பிசிறில்லாத என் சிங்களமும் எங்களைத் தவிர வேறு யாரையும் ஏமாற்றவில்லை. பாரம் இறங்கியது உண்மை. ஆனால் இறங்கிய கையோடு வேறொன்று ஏறியது. அப்பாவின் பட்டியலில் நாலு பேர்தான் இருந்தார்கள். இப்போது வீதி முழுவதும் அதில் வந்து நின்றது, ஒரே ஒருத்தியைத் தவிர. பின்மதிலடியில் நின்றவளைத் தவிர. அவள் பெயரைத்தான் அப்பா முதலில் எழுதியிருந்தார்.

அந்த அம்மா என் தலையைத் தடவி, ஒரு ரோசாவை எடுத்துக் காதோரம் செருகினார். பிறகு தட்டைப் பாறைமேல், மலையைப் பார்க்க வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

அவருடைய கணவர் வீட்டுச் செருப்போடு ஓடிவந்தார். மனைவியைக் கண்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டார். மூச்சு திரும்பியதும் ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார். மனைவிக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது, ஆங்கிலம் முதலில் போய்விட்டது, பராமரிக்க வருகிற பெண் பேசுவது ஒன்றும் இவளுக்கு விளங்குவதில்லை, கண்ணயர்ந்தால் கதவைத் திறந்துகொண்டு மாளிகைக்குப் போய்விடுகிறாள்.

"நீங்கள் ஒருநாள் பூனையை விரட்டினீர்கள். 'பலயங்' என்று, சிங்களத்தில். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அது யாழ்ப்பாணம் இல்லை, எங்கள் ஊர்" என்றார். "இவளோடு பத்து நிமிடம் பேச ஒரு ஆள் கிடைக்குமா என்றுதான் கேட்டுக்கொண்டே இருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டு மாதப் பாற்சோறு குப்பைக்குப் போனது நினைவுக்கு வந்தது. ஆனால் நான் நானாகத்தானே இருக்க முடியும்.

"நான் கண்டிதான் அங்கிள்" என்றேன், சிங்களத்தில். "வாவிக்கு மேலே. வெள்ளைத் துணிக்கடை வீடு." சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து பார்க்கிற கண்ணோடு அவர் முகத்தைப் பார்த்தேன். "அந்த ஆடி மாதம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு நேரம் இருந்தது. கொழும்பில் இருந்தேன், வெளிநாட்டில் இருந்தேன் என்று எதையும் சொல்லியிருக்கலாம். சரிபார்க்க என்னிடம் ஒரு தாளும் இல்லை.

"வீட்டுக்குள் இருந்தேன்" என்றார். "கதவைச் சாத்திக்கொண்டு."

நம்பினேன். மன்னித்தேன் என்று சொல்லமாட்டேன். நம்பினேன்.

அந்த அம்மாவை நடுவில் விட்டு, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் பெரிய சாலையைக் கடந்தோம். நாளையிலிருந்து ஆறு மணிக்கு நானே பூப்பறித்துக் கொடுக்கிறேன், நானே கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். வழிநெடுக அந்த அம்மா மாளிகை யானையின் பெயரைச் சொல்லிக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். பின்மதிலடியில் நின்ற பெண்மணி இன்னும் உயிரோடு இருப்பாரா என்று நான் யோசித்துக்கொண்டு வந்தேன். கடித உறையின் பின்புறம் அவர் எழுதியிருந்த முகவரி எனக்கு மறக்கவில்லை. அவர் வீட்டு இலக்கம், எங்கள் இலக்கத்துக்கு அடுத்தது.

வாசலில் கணவர் சாமான் பைகளோடு நின்றார். என் தலையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார்.

"என்னப்பா இது, பூவும் வைச்சு அழுதுகொண்டும் வாறீர்? கள்ளனைப் பிடிச்சாச்சோ?"

"உள்ள வாங்க, சொல்றேன்" என்றேன். அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டிய அந்தப் பூவின் கதையை, அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன்.